எண்பத்தாறாம் பக்கத்துப் படகு

வேம்பங்குறிச்சிக் கண்மாயில் தண்ணீர் நின்று பல வருஷம் ஆகிவிட்டது, கருவேலமும் களிமண் வெடிப்பும்தான் மிச்சம், அப்படிப்பட்ட கண்மாயின் நட்டநடுவில் வைகாசி மாதத்தில் ஒரு காலையில் ஒரு படகு வந்து நின்றது, நின்றது என்றா சொன்னேன், இல்லை, மிதந்தது, தரைக்கு இடுப்பளவு உயரத்தில், அடியில் ஆறு ஓடுவதுபோலவே லேசாக ஆடிக்கொண்டு, அடிப்பலகையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் வடிய மிதந்தது. முதலில் பார்த்தவர் ஆட்டுக்காரர் சோணை. ஆடுகள் படகுக்கு அடியில் போய் வடிகிற தண்ணீரை நக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, குடிக்கிற தண்ணிதானா?" என்று ஓடக்காரனைக் கேட்டார். "ஆத்துத் தண்ணீர் ஐயா" என்றான் அவன். "அப்பச் சரி" என்று சோணை கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

படகில் நாலு பேர். ஓடக்காரன் ஒருத்தன். விடாமல் இருமுகிற பெரியவர் ஒருத்தர். அவருடைய மகள் மீனலோசனி. அவருடைய மருமகள் தர்மாம்பாள். தர்மாம்பாளுக்கு நிறைமாதம், வலி கண்டிருந்தது. அக்கரைக்குப் போக வேண்டும், மருத்துவச்சி அங்கேதான் இருக்கிறாள் என்று நாலு பேரும் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா, வடம் கட்டி டிராக்டரால் இழுத்தார்கள், படகு அசையவில்லை, டிராக்டர்தான் படகைப் பார்த்துப் பின்னால் போனது. இறங்கி வாங்க என்று கை கொடுத்தார்கள், கைக்குக் கை எட்டியது, சோறு கொடுக்கலாம், போர்வை கொடுக்கலாம், ஆனால் அவர்கள் காலைக் கீழே வைத்தால் தரை தள்ளித் தள்ளிப் போனது, இவர்கள் காலை மேலே வைத்தால் படகு தள்ளிப் போனது. கிராம நர்ஸ் ஜெயசீலி மட்டும் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று, தர்மாம்பாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. வலி நிக்கவும் இல்லை, வளரவும் இல்லை, நின்ன இடத்துல நிக்குது. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை" என்றாள்.

ஏன் இந்த ஊருக்கு வந்தது, எப்படி மிதக்கிறது என்றெல்லாம் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேம்பங்குறிச்சிக்காரர்களுக்கு நேரமில்லை. கரையில் ஒரு டீக்கடை வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. மினி பஸ் கண்டக்டர் "படகு ஸ்டாப்பெல்லாம் இறங்கு" என்று கத்த ஆரம்பித்தார். படகு நிற்பது நீர்நிலை ஆக்கிரமிப்பு ஆகுமா என்று மேலிடத்தில் கேட்டதற்கு, நீர் இல்லாத இடத்தில் நிற்பதால் ஆகாது என்று பதில் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள், பெரியவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னால் அவர் நம்பவே மாட்டார், "கலெக்டர் துரை அப்படியெல்லாம் சொல்லாமல் போகமாட்டாரே" என்று தினமும் டீக்கடைப் பையன்களோடு சண்டைக்கு நிற்பார். வந்த புதிதில் தர்மாம்பாள் "ஐயோ, பிராணநாதா, நான் என் செய்வேன்!" என்றுதான் அழுதாள், புருஷன் ரங்கூனில் இருந்தான், போகப் போக ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொண்டு "யாத்தே, உசிரு போகுதே" என்று அழத் தொடங்கினாள். அழுகை அதேதான். முதல் வாரம் ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் அவள் கத்தினால் கரையோரத்து வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். கெட்டவர்கள் இல்லை, பாவம், எத்தனை நாள்தான் ஒரு அலறலைக் கேட்டுக்கொண்டு குழம்பு கூட்ட முடியும்.

ஊரில் ஒரே ஒருத்தனுக்குத்தான் அந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தங்கமாரியப்பனுக்கு.

மாரியப்பன் கடை நேரம் போக மற்ற நேரத்தில் பழைய புத்தகங்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுக்கிற ஒரு குழுவில் இருந்தான். சம்பளம் கிடையாது, பெயர்தான் கிடைக்கும். இலவச மின்னூல் என்று இறக்கிப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை: எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும், பாதி வரியில் வரி உடையும், அத்தியாயத் தலைப்பு முந்தின அத்தியாயத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும், பழைய புத்தகத்தின் பக்க எண் வாக்கியத்துக்கு நடுவே புகுந்து, அவள் கண்ணீர் 43 சிந்தினாள் என்று நிற்கும். மாரியப்பன் செய்த புத்தகத்தில் அப்படி ஒரு இடம் காட்ட முடியாது. போனில் பார்த்தாலும் சரி, படிக்கும் கருவியில் பார்த்தாலும் சரி, ஓரம் விட்டு, பத்தி பிரித்து, தலைப்பைத் தனிப் பக்கத்தில் வைத்து, வாழை இலையில் பரிமாறியதுபோல் இருக்கும். "மாரியப்பன் பதிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம்" என்று பினாங்கிலிருந்து ஒருவர் எழுதியதை அவன் மனைவி வடிவுக்கு எத்தனை தடவை படித்துக் காட்டியிருப்பான்! அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

அவன் வேலை செய்கிற விதம் இது. பழைய புத்தகத்தைக் கட்டிங் மெஷினில் கொடுத்து முதுகை வெட்டிவிடுவான், தாள் தாளாகப் பிரிந்துவிடும், தாள்களை ஸ்கேனரில் அடுக்கினால் அதுவே ஒவ்வொன்றாக இழுத்து இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளும். பிறகு எழுத்தாக மாற்றி, பிழை பார்த்து, பக்க எண்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக நீக்கிவிடுவான், மின்னூலுக்குப் பக்க எண் எதற்கு. வெட்டிய தாள்கள் கடை வாசலில் இருக்கிற வடைக் கடைக்குப் போய்விடும். இடிக்கப்போகிற ஒரு வீட்டின் பரணிலிருந்து வந்தது 'சுந்தரவல்லி அல்லது அக்கரைச் சீமாட்டி' என்ற நாவல். எழுதினவர் யாரோ ஒரு தாசில்தார், அவரையும் யாருக்கும் தெரியாது, அந்தப் புத்தகத்தின் வேறு பிரதியும் எந்த நூலகத்திலும் இல்லை, அதனாலேயே குழுவில் எல்லாரும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், வெள்ளிக்கிழமை வெளியீடு என்று அறிவித்தும் ஆகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் பக்க எண்களை நீக்க உட்கார்ந்தபோது மாரியப்பன் பார்த்தான், எண்பத்தைந்துக்கு அடுத்து எண்பத்தெட்டு நின்றது. இரண்டு தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே தாளாக ஸ்கேனருக்குள் போனதில் உள்ளே மாட்டிய இரண்டு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தான், வடைக் கடையில் கடைசித் தாளில் ஒருத்தர் பருப்பு வடையைப் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதாவது, இரண்டு பக்கம் காணவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எத்தனையோ மின்னூலில் அப்படிப் போட்டிருக்கிறார்கள், யாரும் தூக்கில் போடவில்லை. ஆனால் மாரியப்பன் பதிப்பில் ஓட்டையா? எண்பத்தைந்தாம் பக்கம், நடு ஆற்றில் படகு போகும்போது தர்மாம்பாளுக்கு வலி காண்பதோடு முடிந்தது. எண்பத்தெட்டாம் பக்கம் அடுத்த அத்தியாயம், பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்த சுந்தரவல்லிக்கு அப்போது ஐந்து வயது என்று தொடங்கியது. இரண்டையும் நெருக்கி ஒட்டினான், பக்க எண்களை நீக்கினான், இடைவெளி இருந்த சுவடே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நூல் வெளியானது, பாராட்டுக் குவிந்தது, திங்கட்கிழமை கண்மாயில் படகு மிதந்தது.

கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கப் போனவனுக்கு முதலில் புரியவில்லை. பெயர்களைக் கேட்டதும் எண்பத்தைந்தாம் பக்கம் நினைவுக்கு வந்தது. ஏதோ ஒற்றுமை என்று தன்னையே ஏய்க்கப் பார்த்தான். ஆனால் அந்தப் படகில் ஒரு விசித்திரம் இருந்தது, நாலு பேரும் இடது ஓரமாகவே ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், வலது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது, நகர்ந்து உட்காருங்களேன் என்றால் நகர முடியவில்லை என்றார்கள். மாரியப்பன் வியர்த்துப்போய்க் கடைக்கு வந்து கோப்பைத் திறந்தான். அவசரத்தில் அந்த அத்தியாயத்துக்கு மட்டும் இடது ஓரம் விட மறந்திருந்தான், எழுத்தெல்லாம் திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தைச் சரிசெய்து ஏற்றினான். கரையில் குலவைச் சத்தம் கேட்டது. படகு நிமிர்ந்துவிட்டது, நாலு பேரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள், அன்று காலை பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டதால்தான் என்று ஊர் முடிவு செய்தது. மாரியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தான். இனித் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. கொழும்புக்கு எழுதினான், பினாங்குக்கு எழுதினான், தாசில்தாரின் பேரன் பேத்திகளைத் தேடினான், அந்த இரண்டு பக்கம் எங்கும் இல்லை. தானே எழுதிவிடலாம் என்று துணிந்து, படகு கரை சேர்ந்தது, தாயும் சேயும் நலம் என்று எழுதி ஏற்றிப் பார்த்தான், படகு ஒரு தரம் குலுங்கிவிட்டு அங்கேயே நின்றது, தர்மாம்பாள் அன்றைக்குப் பார்க்கச் சகிக்காதபடி துடித்தாள். ஏன் நகரும்? அடுத்த பக்கத்தில்தான் தாயைப் பறிகொடுத்த என்று அச்சிலேயே இருக்கிறதே. சரி, அதையும் மாற்றிவிடலாம் என்று தேடினால், அந்தச் சொல் புத்தகம் முழுக்க இருந்தது. தாய் இல்லாத ஏக்கத்தில்தான் சுந்தரவல்லி படிக்கிறாள், தன் தாயைப்போல் இன்னொருத்தி சாகக் கூடாது என்றுதான் அக்கரையில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுகிறாள், அதனால்தான் அவள் அக்கரைச் சீமாட்டி. தர்மாம்பாளைப் பிழைக்க வைத்தால் சுந்தரவல்லி இல்லை, கதையும் இல்லை. போட்டதை எல்லாம் அழித்தான். படகைக் கரை சேர்ப்பதென்றால் அவளைச் சாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் அவள் வலியிலேயே கிடக்க வேண்டும், இரண்டுமே அவன் கையில் இருந்தது, அந்தக் கையால்தான் அவன் தினமும் சோற்றைப் பிசைந்தான்.

வடிவு நாள் தவறாமல் படகுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். திரும்பி வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவன் செஞ்ச பாவமோ, இந்தப் புள்ளை கெடந்து சீரழியுது. அவன் நல்லா இருப்பானா?" என்பாள். மாரியப்பன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பான். கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை, கஞ்சி கொண்டுபோகக் கிளம்பும்போதே அவள் அதைச் சொல்ல, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான்தான் வடிவு" என்றான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. கஞ்சித் தூக்கை எடுத்து அவன் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்க கொண்டுபோங்க" என்றாள்.

காலை வெயிலில் கரையில் ஊரே இருந்தது. ஜெயசீலி முக்காலியில் நின்று தர்மாம்பாளின் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். மாரியப்பன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், ஸ்கேனர், ஒட்டிய தாள், வடைக் கடை, பக்க எண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். பக்கத்தில் நின்றவர்கள் அடிக்க வரவில்லை, ஆளுக்கு இரண்டடி நகர்ந்து நின்றார்கள், அவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது.

"எங்களை விட்டுட்டோம்னு தெரிஞ்சும் ஏண்ணே மறைச்சீங்க?" என்றாள் தர்மாம்பாள்.

"வெட்கமா இருந்துச்சு தாயி."

"உங்க வெட்கத்தை வைக்க என் இடுப்பாண்ணே கெடைச்சுச்சு?"

ஒரு வலி வந்து போகும்வரை அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கேட்டாள், "என்ன பிள்ளை?"

"பொண்ணு. சுந்தரவல்லின்னு பேரு. பிடிவாதக்காரி. வீட்டுல எல்லாரும் வேண்டாம்னு சொல்லியும் மெட்ராஸ் போய் டாக்டருக்குப் படிக்குது. அக்கரையில ஆஸ்பத்திரி கட்டுது. அதுக்கப்புறம் அந்த ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள ஒரு பொம்பளைகூடச் சாகலை."

"டாக்டரா! பாரேன் மதினி" என்று சிரித்தாள் தர்மாம்பாள். "யாரு வளர்க்கிறா?"

மாரியப்பன் மீனலோசனியைப் பார்த்தான். மீனலோசனி சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவரின் இருமல்கூட நின்றது. தர்மாம்பாள் எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் இங்கயே இருந்துட்டா அவ பிறக்க மாட்டா, அப்படித்தானே?"

"ஆமா தாயி."

"அப்பக் கரை சேர்த்துடுங்கண்ணே" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அவ முகத்தை நான் பார்த்தேன்னு எழுதுங்க. நீங்க தொலைச்ச ரெண்டு பக்கத்துல அது இருந்துச்சோ இல்லையோ."

"எனக்கும் தெரியாதே தாயி" என்று சொல்லும்போதே மாரியப்பன் உடைந்து அழுதுவிட்டான். அதுதான் இன்றுவரை அவனைத் தின்கிறது. தாசில்தார் அவளுக்கு அதைக் கொடுத்திருந்தாரா, இன்னும் பெரிதாக ஏதாவது கொடுத்திருந்தாரா, பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்க ஒரு பகல் பொழுது கொடுத்திருந்தாரா, எதைத் தொலைத்தோம் என்றே தெரியாமல் அவன் ஈடு கட்ட வேண்டியிருந்தது.

வடிவு மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். குழுவின் தளத்திலேயே கோப்பைத் திறந்துவிட்டால் எழுத எழுதப் புத்தகத்தில் ஏறிவிடும். கண்மாய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவை மூலநூலில் இல்லை, நான் தொலைத்த பக்கங்களுக்குப் பதிலாக நான் எழுதியவை, பிழை என்னுடையது என்று முதலில் எழுதித் தன் பெயரைப் போட்டான். பிறகு, ஓடக்காரன் கோலை ஊன்றினான் என்று எழுதினான். படகு நகர்ந்தது. ஆறு மாதமாக அசையாத படகு காய்ந்த மண்ணுக்கு மேலே அலையைக் கிழித்துக்கொண்டு போக, ஊர் சனம் இருபக்கமும் கூடவே நடந்தது, டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார், குடைகளை மடக்கிப் பெரியவர் கைகூப்பினார், சோணையின் ஆடுகள்கூடப் பின்னாலேயே வந்தன. படகு கரையில் தட்டியது. மாரியப்பனுக்குப் பிரசவம் எழுதத் தெரியவில்லை, ஜெயசீலி அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்ல எழுதினான், மீனலோசனி இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்தினாள் என்று எழுதினான், பிள்ளை வீல் என்று கத்திற்று, வேம்பங்குறிச்சியில் அழாத ஆள் ஒருத்தர் இல்லை.

தர்மாம்பாள் தலையைத் தூக்கித் தன் மகளைப் பார்த்தாள் என்று எழுத வேண்டும். பார்த்தாள் என்று முடித்துவிட்டால் அடுத்த வரி என்ன என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவன் முடிக்கவில்லை, பார்த்து, ஈரம் காயாத அந்தத் தலைமுடியைப் பார்த்து, மாமனாரின் சாடை அப்படியே இறங்கியிருக்கிற நெற்றியைப் பார்த்து, மடங்கிக் கிடந்த விரல்களைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நகம் இவ்வளவு வளர்ந்திருக்கிறதே என்று பார்த்து, இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கக் கண்டு அதைப் பார்த்து, கண் திறக்குமா என்று காத்திருந்து, திறந்ததும் அந்தக் கண்ணுக்குள் தன்னைப் பார்த்து, என்று எழுதிக்கொண்டே போனான், அவன் எழுதுகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியது, விரல் மரத்துப்போனது, ஒருத்தரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை, அவனும் நிறுத்துவதாக இல்லை.

"அண்ணே" என்றாள் அவள்.

"இன்னும் ஒரு வரி தாயி."

"போதும்ணே. புள்ளைக்குப் பசிக்கும், மதினிகிட்டக் குடுக்கணும்" என்றாள். "இதுக்கு மேல என்னைய நிறுத்தி வைக்காதீங்க."

மாரியப்பன் முற்றுப்புள்ளி வைத்தான்.